மூடினால் மட்டும் போதாது!

இரவு கடை சாத்தும்போது, பில் போடும் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டுக் கிளம்பும் வியாபாரிகள் நம்மில் பலர். காலையில் மின்தடை, பேட்டரியும் காலி. கடன் பாக்கிக் கணக்கு முழுவதும் அதற்குள்ளே! பழைய பேரேட்டுக்கு இந்தத் தொல்லை இல்லைதான்.

மூடினால் லேப்டாப் உறங்குகிறதே தவிர, அணைவதில்லை. அதிலுள்ள நினைவகம் மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சில புதிய மாடல்கள் உறக்கத்திலும் இணையத்தோடு தொடர்பு வைத்திருக்கும். ஆகவே, ‘ஷட் டவுன்’ கொடுத்த பிறகே மூடுங்கள்.

பகல் முழுதும் சார்ஜரிலேயே கிடப்பதும் கெடுதல். லித்தியம் அயன் பேட்டரி எந்நேரமும் 100 சதவீதத்தில் நின்று, வெப்பமும் சேர்ந்தால் சீக்கிரம் தளரும். 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி பல லேப்டாப்களில் உண்டு. கடைக்கு வரும் கம்ப்யூட்டர்காரரிடம் சொல்லி அமைத்துக்கொள்ளுங்கள். வெயில் படும் மேசை வேண்டாம். அடிப்பாகம் உப்பியிருந்தால் சார்ஜ் ஏற்றாதீர்கள், தீப்பற்றும் அபாயம் உண்டு. அன்றே பேட்டரியை மாற்றச் சொல்லுங்கள்.