வழியின் பெயர் மலைக்கு வந்த கதை

மேற்குக் கடலோரமாக ஏறத்தாழ 1,600 கி.மீ. நீளும் மேற்குத் தொடர்ச்சி மலைகளைப் பழந்தமிழர் குடமலை என்றனர். குடக்கு என்றால் மேற்கு. வடமொழியில் இது சஹ்யாத்ரி. மராட்டியர் இன்றும் அப்படியே சொல்கிறார்கள், மலையாளிகளுக்குச் சஹ்யன்.

ஆங்கிலேயர் பரப்பிய ‘காட்ஸ்’ மட்டும் மலையின் பெயரே அல்ல. மராட்டியில் ‘காட்’ என்பது ஆற்றுப் படித்துறையையும் குறிக்கும், மலை ஏறும் கணவாயையும் குறிக்கும். கொங்கணத் துறைமுகங்களிலிருந்து தக்காணத்துக்குச் சரக்கு ஏறியது இக்கணவாய்கள் வழியாகத்தான். சாதவாகனர் கல்வெட்டு உள்ள நாணேகாட் அவற்றுள் ஒன்று. 1863-இல் ரயில் ஏறிய போர்காட் இன்னொன்று. வழியின் பெயரைக் கேட்ட ஐரோப்பியர் அதை மலைத்தொடர் முழுவதற்கும் சூட்டிவிட்டனர். போதாதென்று, ஆறுகள் அறுத்துத் துண்டாக்கிய கிழக்கு மலைகளுக்கும் அதே பெயர்!

தமிழ் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ என்று சொல்லிக் கணவாயைக் கைவிட்டது. பொருத்தமான முடிவுதான். ஆனாலும் மலைச்சாலையை ‘காட் ரோடு’ என்னும் நம் ஓட்டுநர்கள் மராட்டிப் பொருளுக்கு மிக அருகில் நிற்கிறார்கள். 2012-இல் யுனெஸ்கோ இம்மலைகளின் 39 இடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் ‘வெஸ்டர்ன் காட்ஸ்’ என்ற பெயரில்தான்.