நீலப் பம்ப் மட்டும் வைத்தியம் ஆகாது

கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரை இந்தக் கரையோரத்தில் தொய்வு (ஆஸ்துமா) உள்ளவர்களின் வீடுகளில் திரும்பத் திரும்பக் காண்பது ஒன்றுதான். நீலப் பம்ப் சட்டைப் பையிலும் இருக்கும், தலையணைக்கு அடியிலும் இருக்கும். தடுப்பு மருந்து அலுமாரியில் திறக்கப்படாமல் கிடக்கும். மூச்சு முட்டினால் நீலத்தை அடிப்பது, முட்டுத் தீர்ந்தால் மறந்துவிடுவது. தீராவிட்டால் இரவோடு இரவாக வைத்தியசாலைக்கு ஓடி நெபுலைஸ் பண்ணிவிட்டுத் திரும்புவது. அடுத்த கிழமை மறுபடியும் அதே ஓட்டம்.

நீலப் பம்பிலுள்ள சல்பியூட்டமோல் சுருங்கிய மூச்சுக்குழாயைச் சில மணி நேரத்துக்கு விரித்துவிடும். உள்ளே இருக்கும் வீக்கத்தை அது தொடாது. வீக்கத்தைக் குறைப்பது பெக்லோமெத்தசோன் போன்ற தடுப்பு மருந்து. அதை முட்டு இல்லாத நாளிலும் எடுக்க வேண்டும். ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டியான 'ஜினா', நீலத்தை மட்டும் தனியாகப் பாவிக்கும் சிகிச்சையை 2019ஆம் ஆண்டிலிருந்து பரிந்துரைப்பதில்லை. வருடத்தில் 200 அடி கொண்ட நீலப் பம்ப் மூன்றோ அதற்கு மேலோ முடிந்தால் கடும் முட்டு வரும் ஆபத்து கூடுகிறது என்றும் அது எச்சரிக்கிறது. உங்கள் வீட்டில் வருடத்துக்கு எத்தனை முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இதில் சுற்றாடலுக்கும் பங்கு உண்டு. அமுக்கி அடிக்கும் பம்பில் மருந்தைத் தள்ளுவது ஹைட்ரோ புளோரோ காபன் வாயு. அதிகம் பாவிக்கப்படும் 134ஏ வகை, அதே எடை காபனீரொக்சைட்டைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். பிரித்தானிய தேசிய சுகாதார சேவையின் காபன் வெளியேற்றத்தில் ஏறத்தாழ 3 வீதம் இன்ஹேலர்களால் வருவது. இவ்வகை வாயுக்களைக் குறைக்கும் கிகாலி திருத்தத்தை இலங்கையும் ஏற்றிருக்கிறது. தூளாக உறிஞ்சும் கருவியில் இந்த வாயுவே இல்லை. நம் அரச கிளினிக்குகளில் கொடுக்கும் கெப்சூலும் அதைப் போட்டு இழுக்கும் கருவியும் அந்த வகைதான்.

இதை வாசித்துவிட்டு யாரும் பம்பை நிறுத்திவிடக் கூடாது. பம்பைத் தாமாக மாற்றவும் கூடாது. சிறு பிள்ளைகளுக்கும், பலமாக இழுக்க முடியாத வயோதிபருக்கும் தூள் கருவி சரிவராது. அவர்களுக்கு ஸ்பேசர் பூட்டிய பம்ப்தான் வேண்டும். தடுப்பு மருந்தை ஒழுங்காக எடுத்தால் நீலம் குறையும். நீலம் குறைந்தால் வாயுவும் குறையும். சுற்றாடலுக்கு நோயாளி செய்ய வேண்டியது அவ்வளவுதான்.

கிளினிக்கில் செய்ய வேண்டியவை:

ஒன்று, மருந்தை எடுக்கும் முறையை வைத்தியர் அல்லது தாதி முன்னால் செய்து காட்டுங்கள். கெப்சூலைக் குளிசை போல விழுங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது விழுங்குவதற்கல்ல. தூளை வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். பம்பை மெதுவாக இழுக்க வேண்டும். தடுப்பு மருந்து எடுத்ததும் வாய் கொப்பளியுங்கள்.

இரண்டு, முட்டு வந்தால் எத்தனை அடி, எப்போது வைத்தியசாலை என்பதைக் கிளினிக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு வசனம் முழுதாகப் பேச முடியாவிட்டால், உதடு நீலம் பாரித்தால், பம்ப் அடித்தும் அடங்காவிட்டால், உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். அது இலவசம். முச்சக்கர வண்டி தேடி நேரத்தைக் கடத்தாதீர்கள்.

மூன்று, பருவத்துக்கு வாடிக்கு (மீன்பிடி முகாமுக்கு)ப் போகும் கடற்றொழிலாளர் என்றால் முன்கூட்டியே தேதியைச் சொல்லி, அந்தக் காலத்துக்கான மருந்தையும் கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள்.

முடிந்த பம்பைக் குப்பையோடு எரிக்காதீர்கள், துளைக்காதீர்கள். வெடிக்கும், மிச்ச வாயுவும் வெளியேறும். கிளினிக்கிலோ பாமசியிலோ திருப்பிக் கொடுக்கக் கேளுங்கள். அதை ஏற்கும் ஒழுங்கைச் செய்வது வைத்தியசாலை நிர்வாகத்தின் கடமை.

மருந்து ஒழுங்காக எடுத்தும் முட்டு அடங்காதவர்கள் வீட்டுக்குள்ளும் வெளியிலும் இருக்கும் புகையையும் தூசியையும் பார்க்க வேண்டும். விறகடுப்பு, நுளம்புச் சுருள், பீடி ஆகியவற்றை நாமே நிறுத்தலாம். நுரைச்சோலையின் 900 மெகாவாட் அனல் மின் நிலையத்தைச் சுற்றியுள்ள ஊர்கள் வருடக்கணக்காக முறையிடும் நிலக்கரித் தூசியையும் சாம்பலையும் நாம் நிறுத்த முடியாது. அதற்குக் கடதாசி வேண்டும். சந்தியில் நின்று ஏசுவதால் ஒன்றும் நடக்காது.

தூசி வந்த நாள், நேரம், காற்றின் திசை, படம், அன்றைய கிளினிக் பதிவு ஆகியவற்றை ஒரு கொப்பியில் சேருங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு எழுத்தில் முறையிடுங்கள். ஒரு பிரதி வடமேல் மாகாண சுற்றாடல் அதிகாரசபைக்குப் போக வேண்டும். இந்த மாகாணத்துக்கு 1990ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றாடல் நியதிச்சட்டம் தனியாக இருப்பதால், சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திர விடயத்தில் முதலில் தட்ட வேண்டிய கதவு அதுதான். இது தெரியாமல் கொழும்புக்கு எழுதி மாதங்களை இழந்துவிடாதீர்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைகளையும் காற்றுத் தர அளவீட்டு அறிக்கைகளையும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். தமிழில் எழுதி, தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 'அடுத்த கிழமை வாங்க' என்று வாயால் சொல்லும் பதிலை ஏற்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள். அதற்கும் அசையாவிட்டால், பொதுத் தொல்லையை அகற்றும் கட்டளை கேட்டு, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ் நீதவான் நீதிமன்றத்தை நாடலாம். கிளினிக் பதிவுகள் அங்கே சாட்சியாகும்.

எனவே கிளினிக் தேதியைத் தவறவிடாதீர்கள். மறுபடியும் சொல்கிறேன்: நீலப் பம்ப் முட்டைத் தணிக்கும், நோயை அடக்குவது தினமும் எடுக்கும் தடுப்பு மருந்து. இன்றிரவு அலுமாரியைத் திறந்து அது இருக்கிறதா, காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள். இல்லையென்றால் நாளைக்கே கிளினிக்குக்குப் போங்கள்.