ஊமைப் பூவின் மணம்

1956-ல் கிறிஸ்டியன் டியோர் நிறுவனம் ‘டியோரிஸ்ஸிமோ’ என்ற சென்ட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வசந்தகாலத் தோட்டத்தில் பூக்கும் லில்லி ஆஃப் த வேலியின் மணம்தான் அதன் உயிர். ஆனால் அந்தப் பூவிலிருந்து எடுத்த எண்ணெய் ஒரு சொட்டுகூட அதில் கிடையாது. இன்று இந்தப் பூவின் பெயரைத் தாங்கி வரும் சென்ட், சோப்பு, பவுடர் ஏறக்குறைய அனைத்தின் நிலையும் இதுதான். இதை ஏமாற்று என்று ஒதுக்கிவிட முடியாது. வாசனைத் தொழிலின் மிக உயர்ந்த சாதனைகளில் ஒன்று இது.

ஐரோப்பாவின் மரநிழலில் வளரும் சிறிய செடி இது. அகன்ற இலைகளுக்கு நடுவே ஒரு மெல்லிய தண்டு எழும். அதில் வெள்ளை மணிகளாகப் பூக்கள் கவிழ்ந்து தொங்கும். பிரெஞ்சுக்காரர்கள் ‘ம்யுகே’ என்பார்கள். மே 1 அன்று ஒருவருக்கொருவர் இந்தப் பூங்கொத்தைக் கொடுத்து வாழ்த்துவது அங்கே வழக்கம். அன்று ஒரு நாள் மட்டும், பூக்கடைக்காரர் அல்லாத சாதாரண மக்களும் தெருவோரம் நின்று இதை விற்கலாம். நிறுவனர் டியோருக்கு இது அதிர்ஷ்டப் பூ. தான் வடிவமைத்த ஆடைகளின் மடிப்புக்குள் இதை வைத்துத் தைத்தார் என்பார்கள்.

இவ்வளவு கொண்டாடப்படும் பூவிலிருந்து மணத்தைப் பிரித்தெடுக்க ஏன் முடியவில்லை?

மல்லிகையை எடுத்துக்கொள்வோம். சத்தியமங்கலத்திலும் திண்டுக்கல்லிலும் சந்தை விலை இறங்கினால் பூ சென்ட் ஃபேக்டரிக்குப் போய்விடும். அங்கே ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைத்து, கரைப்பானை ஆவியாக்கினால் மணமுள்ள மெழுகு மிஞ்சும். அதைச் சுத்திகரித்த சாறு பிரெஞ்சு நிறுவனங்கள் வரைக்கும் போகிறது. ம்யுகேயிடம் இந்த வித்தை பலிக்காது. நீராவியில் காய்ச்சினாலும் கரைப்பானில் ஊறவைத்தாலும் கிடைப்பது மிகச் சொற்பம். அதிலும் பூவின் குளிர்ந்த புதுமை இருக்காது. மணம் உண்டு, ஆனால் சாறாகத் தராது. இப்படிப்பட்டவற்றை வாசனைக் கலைஞர்கள் ‘ஊமைப் பூக்கள்’ என்கிறார்கள்.

டியோரிஸ்ஸிமோவை உருவாக்கிய எட்மோன் ரூட்னிட்ஸ்கா, தென் பிரான்ஸில் கிராஸ் நகருக்கு அருகே காப்ரி என்ற ஊரில் வாழ்ந்தவர். தன் தோட்டத்திலேயே ம்யுகே செடிகளை வளர்த்து, பூவை முகர்ந்து முகர்ந்து அதன் மணத்தைத் தன் மூக்கால் படித்தார். அவருக்குப் பெரிதும் கைகொடுத்த பொருள் ஹைட்ராக்சிசிட்ரோனெல்லால். கொசுவிரட்டிகளில் பயன்படும் சிட்ரோனெல்லா எண்ணெயில் சிட்ரோனெல்லால் என்ற பொருள் இருக்கிறது. நெடி கூடிய அந்த மூலக்கூறோடு ஒரு நீர் மூலக்கூறைச் சேர்த்தால் நெடி போய், மென்மையான பூமணம் பிறக்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இது சந்தைக்கு வந்துவிட்டது. 1912-ல் வெளிவந்த ‘கெல்க் ஃப்ளர்’ சென்ட்டில் இது இடம்பெற்றது.

வியப்பு என்னவென்றால், இந்த மூலக்கூறு ம்யுகே பூவில் இல்லை. பின்னாளில் இதே மணத்துக்காக உருவான லிலியால், லைரால் என்ற இரண்டும் பூவில் இல்லை. பிறகு எப்படி மூக்கு அதே பூ என்று நம்புகிறது? மனித மூக்கில் ஏறக்குறைய 400 வகை வாசனை ஏற்பிகள் வேலை செய்கின்றன. ஒரே ஏற்பி பல மூலக்கூறுகளுக்கு எதிர்வினை காட்டும். ஒரே மூலக்கூறு பல ஏற்பிகளைத் தூண்டும். எந்தெந்த ஏற்பிகள் எவ்வளவு தூண்டப்பட்டன என்ற மொத்தக் கோலத்தைத்தான் மூளை படிக்கிறது. வேறு பொருட்களால் அதே போன்ற கோலத்தைப் போட்டுவிட்டால், மூளைக்கு அது ம்யுகேதான்.

பூ உண்மையில் எதை வெளியிடுகிறது என்பதை அறிய, செடியில் இருக்கும் பூவைப் பறிக்காமல் கண்ணாடிக் குடுவையால் மூடி, சுற்றியுள்ள காற்றை உறிஞ்சிப் பகுப்பாய்வு செய்யும் முறை பிறகு வந்தது. சுவிட்சர்லாந்தின் ஜிவோடன் நிறுவனத்தில் ரோமன் கைசர் இதை வளர்த்தெடுத்த முன்னோடி. ம்யுகேயின் காற்றில் ஜெரானியோல், சிட்ரோனெல்லோல் போன்றவை அகப்பட்டன. அவற்றில் பல ரோஜாவிலும் உள்ளவை! பட்டியல் தெரிந்துவிட்டதால் மட்டும் மணம் கைக்கு வந்துவிடவில்லை. கலப்பவரின் மூக்கு இன்றைக்கும் தேவைப்படுகிறது.

செயற்கை என்பதால் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. தோல் ஒவ்வாமை காரணமாக லைராலுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. 2021 ஆகஸ்டுக்குப் பிறகு அது கலந்த அழகுப் பொருட்களை அங்கே விற்க முடியாது. இனப்பெருக்கத்துக்குத் தீங்கு செய்யக்கூடும் என்பதால் 2022 மார்ச் 1 முதல் லிலியாலும் தடைசெய்யப்பட்டது. பல சென்ட்களின் செய்முறையையே மாற்ற வேண்டியதாயிற்று. அதற்காக இயற்கை எல்லாம் நல்லது என்று சொல்லவும் வழியில்லை. ம்யுகே செடி முழுவதுமே விஷம். அதிலுள்ள கான்வலாடாக்சின் இதயத் துடிப்பைக் குலைக்கும்.

ஆகவே, சென்ட் வாங்கும்போது பாட்டிலில் இருக்கும் பூப்படத்தை மட்டும் பார்க்காதீர்கள். அட்டைப்பெட்டியின் பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும் பொருட்களின் பட்டியலைப் படியுங்கள். பழைய பாட்டிலில் ‘பியூட்டைல்ஃபீனைல் மெத்தில்புரோபியோனால்’ என்று இருந்தால் அது லிலியால்தான், அதைத் தவிர்த்துவிடுங்கள். ஹைட்ராக்சிசிட்ரோனெல்லாலும் சிலருக்கு ஒவ்வாமை தரக்கூடியதே. தோலில் அரிப்போ தடிப்போ வந்தால் உடனே நிறுத்திவிட்டு, அந்தப் பட்டியலோடு தோல் மருத்துவரைப் பாருங்கள்.