நான்கு மீட்டர் நடை

முதியோர் நலப் பிரிவுக்கு வருவோரிடம், "இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோடு வரை நடந்து காட்டுங்கள் ஐயா" என்று கூறுவது உண்டு. தரையில் இரண்டு கோடுகள், இயன்முறை மருத்துவரின் கையில் ஒரு நிறுத்துக் கடிகாரம், அவ்வளவே. ஊசியோ படமோ இல்லாததால், பலர் இதனை ஒரு சோதனையாகவே கருதுவதில்லை.

நடப்பதற்கு மூளை, இதயம், நுரையீரல், நரம்பு, கண், மூட்டு, தசை அனைத்தும் ஒருங்கே உழைக்க வேண்டும். இவற்றுள் ஒன்று தளர்ந்தாலும் நடையில் அது தெரியக்கூடும். ஒன்பது ஆய்வுகளில் பங்கேற்ற, 65 வயதும் அதற்கு மேலும் ஆன 34,485 பேரின் விவரங்கள் ஒன்றுதிரட்டப்பட்டு 2011ஆம் ஆண்டில் வெளியாயின. நடை வேகம் மிகுந்தோரே பொதுவாக நீண்ட நாள் வாழ்ந்தனர் என்று அவை காட்டின. இதனைப் படித்து அஞ்ச வேண்டாம். பெருந்திரளுக்குப் பொருந்தும் கணக்கைக் கொண்டு ஒருவரின் ஆயுளை எவராலும் கணிக்க இயலாது. மெதுவான நடை, காரணத்தைத் தேடச் சொல்லும் ஓர் அறிகுறி.

கணக்கு எளிது. 4 மீட்டரை 5 நொடிகளில் கடந்தால் வேகம் நொடிக்கு 0.8 மீட்டர். தசை வலிமை குன்றியோரிடம் வேகம் இந்த அளவிலோ இதற்குக் கீழோ இருந்தால், பாதிப்பு கடுமையானது என ஐரோப்பிய வல்லுநர் குழு வகுத்துள்ளது. ஆசிய வல்லுநர் குழு 2019இல் 6 மீட்டர் நடையைக் கொண்டு, நொடிக்கு 1 மீட்டருக்குக் குறைந்தாலே கவனிக்கச் சொன்னது. பல நாடுகளில் சாலை கடக்கும் விளக்குகளோ நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவரை மனத்திற்கொண்டு அமைக்கப்படுகின்றன. 12 மீட்டர் அகலச் சாலையை அவர் 10 நொடிகளில் கடப்பார், 0.8 மீட்டர் வேகத்தினருக்கு 15 நொடிகள் வேண்டும்.

உடன் வருவோருக்கு ஒரு வேண்டுகோள். "அப்பா, வேகமாக நடங்கள்" என்று ஊக்கமூட்டாதீர்கள், கையையும் பிடிக்காதீர்கள். நாங்கள் அறிய விரும்புவது அவருடைய வழக்கமான நடை. வீட்டில் கைத்தடி பயன்படுத்துபவர் இங்கும் அதனுடனேயே நடக்கலாம். வழக்கமாக அணியும் செருப்பே போதும். விழுந்துவிடுவார் என்ற கவலை இருந்தால், எங்கள் பணியாளர் அருகிலேயே நடந்து வருவார்.

ஒரு நாள் அளவைவிட, சில மாதங்களில் ஏற்படும் மாற்றமே எங்களுக்கு முக்கியம். வேகம் 0.8இலிருந்து 0.7 ஆகக் குறைவது பொருட்படுத்த வேண்டிய சரிவு. கடிகாரத்திலோ அது ஒரு நொடிக்கும் குறைவான வேறுபாடு. கண்ணால் மட்டும் பார்த்து இதனை அறிவது கடினம். அன்றாடம் உடனிருப்போருக்கு இன்னும் கடினம்.

"வயதாகிவிட்டது, அப்படித்தான்" என்று வீட்டில் சொல்லப்படும் தளர்ச்சிக்குப் பின்னால் முழங்கால் வலியோ, கண்புரையோ, நீரிழிவால் மரத்த பாதங்களோ, தலைசுற்ற வைக்கும் மாத்திரையோ இருக்கலாம். முன்பு விழுந்த அச்சமும் நடையைச் சுருக்கும். இவற்றுள் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. வலுவூட்டும் பயிற்சியால் வேகம் மீள்வதும் உண்டு. எனவே, உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் முந்தைய பதிவேட்டையும் தவறாமல் கொண்டு வாருங்கள்.

ஒரே நாளில் நடை தடுமாறினாலோ, ஒரு கால் இழுத்தாலோ அடுத்த முன்பதிவுக்குக் காத்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.