பழைய ஸ்போர்ட்ஸ் காரில் கசியும் ரேடியேட்டரைச் சீரமைத்தல்

ரேடியேட்டர் கசிவு என்பது காரின் இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர், ரேடியேட்டரின் குழாய்கள், தொட்டிகள் அல்லது பற்றவைத்த இணைப்புகள் வழியாக வெளியேறும் பழுதாகும். 1980-களுக்கு முன் வந்த கார்களில் பெரும்பாலும் செம்பும் பித்தளையும் கொண்ட ரேடியேட்டரே இருந்தது. அதனால் கசிவு கண்டதும் தூக்கி எறிய வேண்டியதில்லை; பெரும்பாலும் பழுதுபார்த்து மீண்டும் பயன்படுத்தலாம்.

## தமிழ்நாட்டுப் பின்னணி

பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்ட் கார் 1959-ல் அறிமுகமானது. அதை வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. 1961 முதல் சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் இதை ‘ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்’ என்ற பெயரில் இந்தியாவில் தயாரித்தது. ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதே வகை நான்கு சிலிண்டர் இயந்திரத்தைப் பொருத்தி 1962-ல் பிரிட்டனில் வெளிவந்த இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். ஆகவே ஹெரால்டின் குளிர்விப்பு முறையை அறிந்த மெக்கானிக்குக் ஸ்பிட்ஃபயரும் புதிதல்ல. இரண்டு கார்களிலும் முன்பக்கத் தகடு முழுவதும், சக்கர வளைவுகளோடு சேர்ந்து, முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். ரேடியேட்டரை எளிதில் நெருங்க இது பெரிய வசதி.

## செயல்படும் விதம்

இயந்திரத்தில் சூடான நீர், மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டரின் மேல்தொட்டிக்கு வருகிறது. அங்கிருந்து மெல்லிய பித்தளைக் குழாய்களில் இறங்கும்போது, குழாய்களை ஒட்டியுள்ள செம்புத் தகடுகள் வெப்பத்தை வாங்கிக் காற்றில் விடுகின்றன. குழாய்களும் தகடுகளும் சேர்ந்த நடுப்பகுதியைக் ‘கோர்’ என்பர். ஆறிய நீர் கீழ்தொட்டியிலிருந்து கீழ் ஹோஸ் வழியாக வாட்டர் பம்புக்குத் திரும்புகிறது. இயந்திரம் சூடேறும்வரை நீர் ரேடியேட்டருக்குச் செல்லாமல் தெர்மோஸ்டாட் தடுக்கிறது.

மூடியும் இந்த அமைப்பில் ஒரு முக்கிய உறுப்பு. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி போட்டால், நீர் 100 டிகிரியில் கொதிக்காமல் ஏறத்தாழ 111 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். ரப்பர் வளையம் கெட்ட மூடியால் இந்த அழுத்தம் நிற்காது. அப்போது ரேடியேட்டரில் ஓட்டை இல்லாமலே நீர் கொதித்து வெளியேறும். காரின் கையேட்டில் உள்ளதைவிட அதிக அழுத்த மூடியைப் போட்டால் பழைய பற்றவைப்புகள் பிளந்துவிடும்.

## கசிவுக்கான காரணங்கள்

* உப்புப் படிவு. வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படிவது போலவே, போர்த் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு உப்புகள் குழாய்களின் உள்ளே படிகின்றன. படிவு குழாயை அடைக்கும். அடைபட்ட ரேடியேட்டரில் வெப்பம் ஏறி, பலவீனமான இடம் விட்டுக்கொடுக்கும்.
* அரிப்பு. செம்பு, பித்தளை, ஈயம், இயந்திரத்தின் வார்ப்பிரும்பு ஆகியவை ஒரே நீரில் இருப்பதால் மின்வேதி அரிப்பு நடக்கிறது. கூலன்டில் உள்ள அரிப்புத் தடுப்பான் தீர்ந்ததும் இது வேகமெடுக்கும்.
* அதிர்வு. தாங்கியின் ரப்பர் தேய்ந்தால் இயந்திரத்தின் அதிர்வு நேரே ரேடியேட்டருக்கு வந்து, தொட்டி இணைப்புகளில் விரிசல் விழும்.
* ஹோஸ் தளர்வு. ‘ரேடியேட்டர் ஒழுகுகிறது’ என்று வரும் கார்களில் கிளிப் தளர்ந்த ஹோஸ் அல்லது வாட்டர் பம்பு மட்டுமே குற்றவாளியாக இருக்கலாம். இவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

திருவெறும்பூரில் 1960-களில் உருவான பெல் நிறுவனம் மின்நிலையங்களுக்கான கொதிகலன்களைச் செய்கிறது. அத்தகைய கொதிகலன்களுக்கு உப்பு நீக்கிய நீரே ஊட்டப்படுகிறது. காரணம் இங்கும் அதேதான்: படிவு சேர்ந்த குழாயில் வெப்பம் கடக்காது, குழாய் கெடும். கார் ரேடியேட்டருக்கு அவ்வளவு தூய்மை வேண்டாம். பேட்டரிக்கு ஊற்றும் வாலை வடிநீர் போதும்.

## கசிவைக் கண்டறிதல்

கார் ஆறியிருக்கும்போதே சோதனையைத் தொடங்க வேண்டும். பச்சை அல்லது வெள்ளைக் கறை, காய்ந்த உப்புத் தடம், ஈரமான செம்புத் தகடு ஆகியவை கசிவின் அடையாளங்கள். ஓட்டை தெரியாவிட்டால், ரேடியேட்டரைக் கழற்றி, வாய்களை ரப்பர் அடைப்பான்களால் மூடி, தண்ணீர்த் தொட்டியில் மூழ்கடித்து, மூடியின் அழுத்த அளவுக்கு மட்டும் காற்றுச் செலுத்த வேண்டும். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பது போலவே, குமிழி வரும் இடம்தான் ஓட்டை.

ஓட்டையே இல்லாமல் நீர் குறைந்துகொண்டு போனால் எச்சரிக்கை தேவை. எஞ்சின் ஆயில் மோர் போல வெளுத்திருந்தாலோ, சைலன்சரில் வெண்புகை நில்லாமல் வந்தாலோ ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அப்போது ரேடியேட்டரைச் சரிசெய்து பயனில்லை.

## கழற்றும் முறை

1. இயந்திரம் முழுதும் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென இறங்கி நீர் ஆவியாகப் பாயும். நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு பெருகுவதால் முகமும் கையும் வெந்துபோகும். மேல் ஹோஸைக் கையால் வசதியாகப் பிடிக்க முடிந்தால்தான் மூடியைத் தொடலாம்.
2. பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும்.
3. வடிகுழாயைத் திறந்து கூலன்டை ஒரு கேனில் பிடிக்க வேண்டும். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும் விஷம். வாசலில் கொட்டினால் நாயும் மாடும் குடித்து இறக்கும். பிள்ளைகளுக்கும் எட்டாத இடத்தில் மூடி வைக்க வேண்டும்.
4. ஹோஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்குரூடிரைவரால் நெம்பக் கூடாது. மெல்லிய பித்தளை வாய் வளைந்துவிடும். பழைய ஹோஸை நீளவாக்கில் கத்தியால் கீறி எடுத்துவிட்டு, புதியது போடுவதே நல்லது.
5. பக்கத் தாங்கிகளின் போல்ட்டுகளைக் கழற்றி, ரேடியேட்டரை நேராக மேலே தூக்க வேண்டும். விசிறியின் இலைகள் கோரில் உரசாமல் இடையில் ஓர் அட்டையைச் செருகிக்கொள்ளலாம்.

## பழுதுபார்க்கும் வழிகள்

ஈயம் வைத்தல். தொட்டி இணைப்பிலோ வாயிலோ ஓட்டை இருந்தால் இதுவே முதல் வழி. இடத்தைப் பளபளப்பாகச் சுரண்டி, பிளக்ஸ் தடவி, ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றுப்பொருளை உருக்கி விடுவர். இது 183 டிகிரி அளவில் உருகத் தொடங்குகிறது. பித்தளைக்கோ 900 டிகிரி அளவு வேண்டும். இந்த இடைவெளியே வேலையைச் சாத்தியமாக்குகிறது. திருவெறும்பூர், துவாக்குடிப் பகுதிகளில் இரும்பு வெல்டிங் செய்யும் பட்டறைகள் பல உண்டு. ஆனால் ஆர்க் வெல்டிங்கின் வெப்பம் இந்த மெல்லிய பித்தளையைத் தின்றுவிடும். எனவே ரேடியேட்டர் வேலையே செய்பவரிடம்தான் கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் பிளக்ஸின் அமிலம் போகச் சோடா கரைத்த நீரால் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் அதுவே அடுத்த ஓட்டையைப் போடும். ஈயப் புகையை மூச்சில் இழுக்காமல் காற்றோட்டமான இடத்தில் செய்வது அவசியம்.

குழாயை அடைத்தல். கோரின் நடுவில் ஒரு குழாய் ஓட்டையானால் அதன் இரு முனைகளையும் ஈயத்தால் அடைத்துவிடலாம். ஒவ்வொரு குழாயை அடைக்கும்போதும் குளிர்விக்கும் திறன் குறையும். மே மாத வெயில் 40 டிகிரியைத் தொடும் திருச்சியில் ஒன்றிரண்டுக்கு மேல் அடைப்பது நல்லதல்ல.

ராடு விடுதல். மேல்தொட்டியைக் கழற்றி, குழாய்களுக்குள் மெல்லிய கம்பியை விட்டுப் படிவைத் தள்ளுவர். ஓட்டையைவிட அடைப்பே பிரச்சினையாக இருந்தால் இது பலன் தரும்.

புதிய கோர். பழைய தொட்டிகளை வைத்துக்கொண்டு கோரை மட்டும் புதிதாகப் பொருத்துவது. காரின் மூலத் தோற்றமும் தாங்கிகளின் அளவும் மாறாது. பழைய காரைப் பேணுவோர் விரும்பும் வழி இது.

அலுமினிய ரேடியேட்டர். செம்பு, அலுமினியத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும். ஆனாலும் அலுமினியக் குழாய்களை அகலமாகச் செய்யலாம், எடையும் குறைவு. ஓட்டை விழுந்தால் ஈயம் வைத்துச் சரிசெய்வது கடினம் என்பது இதன் குறை.

## மஞ்சள்தூள் வைத்தியம்

வழியில் ஒழுகினால் ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போடுவதும், ஓட்டையின் மேல் சோப்பை அப்புவதும் லாரி ஓட்டுநர்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறை. நீரோடு வரும் தூள் ஊசித்துளையில் சிக்கி அடைத்துக்கொள்வதால் கசிவு உண்மையிலேயே நிற்கும். ஆனால் அதே தூள் நல்ல குழாய்களிலும் தெர்மோஸ்டாட்டிலும் படியும். தஞ்சாவூர் சாலையில் நின்றுபோன காரைப் பட்டறைவரை கொண்டுசேர்க்க மட்டும் இது உதவும். பிறகு முழுதும் கழுவியே ஆக வேண்டும்.

## மீண்டும் பொருத்துதல்

தாங்கி ரப்பர், ஹோஸ், கிளிப், தேவையானால் மூடி ஆகியவற்றைப் புதிதாகப் போட வேண்டும். வடிநீரும் கூலன்டும் கலந்த கலவையை மெதுவாக ஊற்ற வேண்டும். தாழ்வான முன்பகுதி கொண்ட ஸ்போர்ட்ஸ் கார்களில் இயந்திரத்தின் மேல்பகுதியில் காற்று சிக்கிக்கொள்ளும். காரின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, மூடியைத் திறந்துவைத்தபடி இயந்திரத்தை ஓட்டினால் காற்று வெளியேறும். குறையும் நீரை ஊற்றி மூட வேண்டும். முதல் ஓட்டத்துக்குப் பின் இயந்திரத்தை ஆறவிட்டு மீண்டும் மட்டம் பார்க்க வேண்டும்.

ஓட்டும்போது வெப்பமானி முள் ஏறினால் உடனே நிறுத்த வேண்டும். அடுத்த ஊர்வரை போய்விடலாம் என்று ஓட்டினால் சிலிண்டர் தலை வளைந்துவிடும். ரேடியேட்டரில் ஈயம் வைக்கும் சிறு செலவு, கிடைப்பதற்கரிய இயந்திரப் பாகங்களைத் தேடும் செலவாக மாறுவது பெரும்பாலும் இப்படித்தான்.