‘அலட்டிக்காதே’ என்பதை இத்தாலிய மொழியில் சொல்வது

தருமபுரி பேருந்து நிலையத்தில் வண்டி தாமதமானால் மகன் தாயிடம், “நீ அலட்டிக்காதம்மா” என்பான். நடத்துநர் ஒரு முதியவரிடம், “அலட்டிக்காதீங்க பெரியவரே” என்பார். இரண்டிலும் நடுவே ஒலிக்கும் ‘க்க’ எழுத்துத் தமிழின் ‘கொள்’. செயல் செய்தவரையே வந்து சேர்கிறது என்று காட்டுவது அதுதான். யார் செய்தாலும் அது மாறாது: அலட்டிக்கொண்டேன், அலட்டிக்கொண்டாய், அலட்டிக்கொண்டார்.

விலக்கும் உறுப்போ வினையின் கடைசியில் ஒட்டுகிறது. பழந்தமிழிலும் அப்படித்தான். இன்றைய தருமபுரியே அதியமானின் தகடூர். அவனைப் பாடிய ஔவைக்குப் பல நூற்றாண்டு பிந்திய ஔவையின் ஆத்திசூடியில் ‘செய்யாதே’ என்பது ‘செய்யேல்’ என்ற வாய்பாட்டில் வரும்.

இத்தாலிய மொழியில் இரண்டுமே வேறு. விலக்குக்கு ‘நோன்’ என்ற தனிச்சொல் முன்னே நிற்கும். ‘கொள்’ளின் வேலையைச் செய்யும் சிறுசொல் ஆளுக்கேற்ப மாறும்: எனக்கு ‘மி’, உனக்கு ‘தி’, நமக்கு ‘ச்சி’, உங்கள் பலருக்கு ‘வி’, மற்றவருக்கு ‘ஸி’.

‘எழு’ என்று ஒருவனை ஏவ ‘ஆல்ட்ஸத்தி’ போதும். அதன் முன் ‘நோன்’ சேர்த்துவிட்டால் ‘எழாதே’ ஆகிவிடும் என்று தோன்றும், ஆகாது. ‘நீ’ என்று பேசும்போது மட்டும் விலக்குக்கு ஏவல் வடிவம் உதவாது, ‘எழுதல்’ போன்ற வினையின் மூலவடிவம் வேண்டும். அந்த மூலவடிவமான ‘அல்ட்ஸாரே’யின் கடைசி ‘ஏ’ உதிர்ந்து ‘தி’ ஒட்டும்: நோன் அல்ட்ஸார்த்தி. சிறுசொல்லை முன்னே வைத்து ‘நோன் தி அல்ட்ஸாரே’ என்றாலும் சரியே, பொருள் ஒன்றுதான். நம் ‘அலட்டிக்காதே’ அதே அச்சில் ‘நோன் பிரெயொக்குபார்த்தி’.

பலரிடம் பேசும்போது இந்தச் சிக்கல் இல்லை. ஏவல் வடிவமே நிற்கும்: நோன் அல்ட்ஸாத்தெவி, அல்லது நோன் வி அல்ட்ஸாத்தெ.

தமிழர் கவனிக்க வேண்டிய இடம் மரியாதை. ‘அலட்டிக்காதீங்க’ என்பதை ஒரு பெரியவரிடமும் சொல்வோம், பத்துப் பேரிடமும் சொல்வோம். இத்தாலியத்திலோ பெரியவர் ஒருவர் என்றால் ‘லேய்’ என்ற மரியாதைப் பெயருக்குரிய வடிவம் தனி: நோன் ஸி பிரெயோக்குபி. எழ முயலும் முதியவரிடம், நோன் ஸி ஆல்ட்ஸி. இங்கே ‘ஸி’ முன்னேதான் வரும், வினையின் பின்னால் ஒட்டாது. முதலில் மனத்தில் பதிய வேண்டியது இதுதான் என்பேன். முன்பின் அறியாதவரிடம் பேச உதவுவது இந்த வடிவம்.

1680-இல் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் எதிர்த்திசையில் இதே பாதையைக் கடந்தவர். ‘நீ’யும் ‘நீங்க’ளும் புழங்கும் பேச்சுத் தமிழுக்கு லத்தீனில் தனி இலக்கணமே எழுதினார்.

‘இதைப் போட்டுக்காதே’ என்று பொருளையும் சேர்த்தால் இரண்டு சிறுசொற்கள் அடுத்தடுத்து வரும். ‘தி’ அப்போது ‘தெ’ ஆகும், பொருளைச் சுட்டும் ‘லொ’ அதன் பின்னே வரும்: நோன் மெத்தெர்த்தெலொ, அல்லது நோன் தெ லொ மெத்தெரே. பெரியவரிடம் என்றால், நோன் ஸெ லொ மெத்தா.