ஓசி என்றால் யார் காசு?

புக்கிட் மேரா ஈரச்சந்தையில் காய்கறி வாங்கினால், கடைக்காரர் கொஞ்சம் கொத்தமல்லியையும் பைக்குள் சேர்த்துப் போடுவதுண்டு. தமிழில் அது கொசுறு. சமூக மன்ற நிகழ்ச்சியில் கையில் தரும் பை அன்பளிப்பு. ஆங்கிலத்திலோ இரண்டையும் 'ஃபிரீபி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். எங்கிருந்து வந்தது இந்தச் சொல்?

'ஃபிரீ' என்றால் இலவசம், அது எல்லாருக்கும் தெரியும். பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் 'பி'க்குத்தான் பொருள் கிடையாது. அமெரிக்கப் பேச்சுவழக்கில் யாரோ விளையாட்டாக ஒட்டிய வால்.  சும்மா கிடைத்ததுதானே என்ற லேசான ஏளனமும் அந்த வாலில் தொங்குகிறது.

தமிழில் இதே ஏளனம் 'ஓசி'யில் உண்டு. கேட்டால் நம் சொல் போலத் தோன்றும். ஆனால் இதுவும் ஆங்கிலத்திலிருந்து வந்ததே என்பதுதான் பரவலான விளக்கம். கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவல் கடிதங்களுக்குத் தபால் கட்டணம் இல்லை. 'ஆன் கம்பெனி சர்வீஸ்' என்ற குறிப்பு உறைமேல் இருந்தால் போதும். அதன் முதலெழுத்துகளான ஓ.சி.தான் மக்கள் வாயில் ஓசியாயிற்று என்கிறார்கள். சென்னையை ஆண்ட அதே கம்பெனிதான் 1819 முதல் 1858 வரை சிங்கப்பூரிலும் கோலோச்சியது. அந்தக் கடிதங்கள் தாமாக நடந்து போய்விடவில்லை. சுமந்தவருக்குக் கூலி உண்டு. அதைக் கம்பெனி கொடுத்தது. கம்பெனிக்குக் கொடுத்தவர் வரி கட்டிய குடியானவர்!

மலாய் மொழியில் இலவசம் 'பெர்சுமா'. வீண் என்றும் அதற்குப் பொருள் உண்டு. நடுவில் இருக்கும் 'சுமா' நம்முடைய சும்மாதான் என்று சொல்வோரும் இருக்கிறார்கள்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 2021இல் தமிழ்நாட்டில் பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அதற்கான தொகையைப் போக்குவரத்துக் கழகங்களுக்கு அரசு ஈடுகட்டியது. மறு ஆண்டு ஓர் அமைச்சர் பொதுமேடையில் அதை 'ஓசி' என்று சொல்லிவிட்டார். எழுந்த கொதிப்பு கொஞ்சமல்ல. கோவையில் ஒரு மூதாட்டி, ஓசிப் பயணம் வேண்டாம், காசை வாங்கிக்கொண்டு சீட்டைக் கொடு என்று நடத்துநரிடம் மல்லுக்கு நின்ற காணொளி ஊரெங்கும் பரவியது. அது எதிர்க்கட்சியின் ஏற்பாடு என்று ஆளுந்தரப்பு சொன்னது. இருக்கட்டும். ஏற்பாடாகவே இருந்தாலும், அந்தச் சொல் சுடும் என்று தெரிந்துதானே செய்திருக்க வேண்டும்?

இதை முன்பே புரிந்துகொண்டவர்களும் உண்டு. 2006 தேர்தலில் வண்ணத் தொலைக்காட்சி 'இலவசம்' என்றே அறிவிக்கப்பட்டது. 2011இல் ஆட்சி மாறியபின் மடிக்கணினியும் அரிசியும் 'விலையில்லா' ஆயின. பொருளில் மாற்றமில்லை. வாங்குபவரின் முகம் கொஞ்சம் நிமிர்ந்தது, அவ்வளவே.

சிங்கப்பூரில் 2025ஆம் ஆண்டு எஸ்ஜி60 பற்றுச்சீட்டுகள் வந்தன. 21 முதல் 59 வயது வரையிலான குடிமக்களுக்கு 600 வெள்ளி, 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 800 வெள்ளி. ஈரச்சந்தைப் பாட்டியும் கைத்தொலைபேசியை நீட்டிக் கீரை வாங்கினார். அதை ஓசி என்றால் அவர் சும்மா விடுவாரா? 2024 முதல் 9 விழுக்காடாகிவிட்ட பொருள் சேவை வரியை அவரும்தான் கட்டுகிறார். கடைக்காரர் போட்ட கொத்தமல்லிக்கு மட்டும் எந்தச் சீட்டும் இல்லை. அது அவர் கைக்காசு.